குப்பை கொட்டாதீர்

எங்கள் நகர்க் குளத்தில் தினமும் காலையில் நீந்துகிறவர்கள் நாங்கள். இந்த வருடம் அமலைச்செடி என்கிற ஆகாயத்தாமரை தண்ணீரே தெரியாமல் மூடிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக இறங்கிப் பிடுங்கி, கரையிலேயே மலைபோலக் குவித்தோம். மாலையில் வானம் இருட்டிக்கொண்டு வந்தபோதுதான் உறைத்தது. மழை பெய்தால் அத்தனையும் திரும்பக் குளத்துக்குள் சரிந்துவிடும்.

கரையை ஒட்டி செல்வி அக்காவின் காலி மனை. அங்கே ஒரு காகிதம் விழுந்தாலும் தெருவே கேட்கும்படி ஏசுவார். அவர் விறுவிறுவென்று வருவதைப் பார்த்ததும் ஏச்சு வாங்கத் தயாரானேன்.

“மழை வருது, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய? எம் மனையில கொண்டு போடுங்க.”

“அக்கா, அழுகுனா நாறுமே...”

“மக்குனா எருதான? முன்னமே வாயத் தொறந்து கேட்டிருந்தா தர மாட்டேன்னா சொல்லிருப்பேன்?”

மனையில் நட்டிருந்த ‘குப்பை கொட்டாதீர்’ தகரப் பலகையை அவரே பிடுங்கினார். அதன்மேல் ஈரச்செடியை அள்ளி வைத்து, ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். நனைந்துகொண்டே சுமந்தோம்.

இப்போது அந்த மனையில் பூசணி படர்ந்து கிடக்கிறது. குளத்தில் மல்லாந்து மிதக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன். இத்தனை வருடம் அந்தப் பலகையைப் படித்துவிட்டு, அதுதான் செல்வி அக்கா என்று நினைத்திருந்தேன்.