வாயில் கொண்டுபோன சத்தம்

"…ஓடுறப்போ நல்லாத்தாங்க இருக்கு. வேகத்தக் கொறச்சா மட்டும் காரு ஏன் இப்படிக் கத்துது?" என்றார், மடியில் பூக்கூடையோடு என் பக்கத்தில் இருந்தவர். மடுல்சீமையில் பஸ்ஸைத் தவறவிட்டு நின்றவரை நான்தான் காரில் ஏற்றிக்கொண்டேன். கூடைக்குள் கல்யாண மாலை. முகூர்த்தத்துக்கு முன் அது பதுளைக் கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும்.

எதைச் சொன்னாலும் அதன் சத்தத்தையும் வாயால் போட்டுக் காட்டுகிற மனிதர். பசறை வருவதற்குள் தேயிலை ஆலையான ஸ்டோருல ஊதுகிற சங்கும், தகரத்தில் விழுகிற மழையும் கேட்டாயிற்று.

எனக்கோ பயம். முன்னால் முழுக்க இறக்கமும் வளைவும். கிழட்டுக் காரை ஓரங்கட்டினேன். மெக்கானிக்கைக் கேட்கலாமென்றால், போனுக்கு சிக்னல் மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தடியில்தான்.

"அங்க போயி இந்தச் சத்தத்த எப்படிச் சொல்றது?" என்றேன்.

"சொல்ல வேணாங்க. நான் கொண்டாறேன்."

மறந்துபோகாமல் இருக்க, "கிரீ…டக், கிரீ…டக்" என்றபடியே மேடேறினார். நான் பின்னால் போனேன். எதிரே கொழுந்து மூட்டையோடு வந்த அக்கா, "எங்கண்ணே போறீங்க?" என்று கேட்டதற்கும் அதே பதில்தான்.

போனில் அதைக் கேட்ட மெக்கானிக் சிரித்து முடிக்கவே நேரமானது. "பிரேக் தட்டுல கல்லு மாட்டியிருக்கும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்க."

காருக்கு இறங்கி வந்து எடுத்தேன். சின்னக் கல்லொன்று கீழே விழுந்தது.

அடுத்த வளைவில் மெல்ல பிரேக்கை மிதித்தேன். கார் மூச்சு விடவில்லை. அவர் மாலைக்கூடையைச் சரிசெய்துகொண்டு, என்னை ஓரக்கண்ணால் பார்த்து, "கிரீ…டக்" என்றார்.