அப்பாவின் குரலுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று

சந்தைக் கடைக்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் கிராம் மேடம். எடை அளவுத் துறையில் முப்பத்தொரு வருஷம் ஆய்வாளராக இருந்தவள். தராசுத் தட்டின் அடியில் கடலை அளவு மெழுகு ஒட்டியிருந்தாலும் பார்க்காமலே, விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவாள். ஒருமுறை அவள் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட காய்கறிக்காரர் ஒருவர் அவசர அவசரமாகத் தராசைச் சாக்கால் மூடிவிட்டு, "இன்னைக்கு லீவு மேடம்" என்றார். "யாருக்கு லீவு? உங்களுக்கா, தராசுக்கா?" என்று கேட்டபடியே அவள் சாக்கைத் தூக்கினாள். அந்தத் தராசு அப்புறம் ஒரு மாதம் உண்மையிலேயே லீவில் இருந்தது.

அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்ற அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்: "என்னையும் நிறுத்துப் பாத்துட்டுதான் கட்டிக்கிட்டா. கொஞ்சம் குறைஞ்சுதாம். போனா போகுதுன்னு விட்டுட்டா."

அவள் ஓய்வு பெற்ற மூன்றாவது வருஷம் அம்மா இறந்துபோனாள். வீட்டைக் காலி செய்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டி வந்தது. உள்ளே பழைய காகித உறைகளில் பதினொரு இசைத்தட்டுகள். கடையில் வாங்கிய தட்டுகள் அல்ல. அப்பா ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். பேசப் பேசக் குரலைத் தட்டில் கீறிக்கொடுக்கும் இயந்திரம் ஒன்று அந்தக் கடையில் இருந்ததாம். அலுமினியத் தகட்டின்மேல் கறுப்பு மெழுகு போலப் பூச்சு. அதில் ஊசி கீறிக்கொண்டே போகும். வெளியாட்களுக்குப் பதிவு செய்தது போக, வீட்டுக்காக அப்பா செய்துவைத்தவை இந்தப் பதினொன்று. ஒவ்வொரு உறையிலும் அவர் கையெழுத்தில் ஒரு தலைப்பு இருந்தது. 'பையன் பேச்சு.' 'இவள் பாட்டு, பாதி.' 'மழை.' அண்ணன் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து அவருக்கு ஏழு வயது ஆகும்வரை உள்ள பதிவுகள். அதோடு அப்பா இயந்திரத்தை விற்றுவிட்டார். அவள் பிறந்தது அடுத்த வருஷம். தங்கை பிறந்தது அதற்கும் எட்டு வருஷம் கழித்து. ஆகவே அவர்கள் இரண்டு பேரும் எந்தத் தட்டிலும் இல்லை.

அப்பா நாற்பத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தபோது அண்ணனுக்குப் பத்தொன்பது, அவளுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு மூன்று.

பெட்டி யாருக்கு என்ற பேச்சு வந்தது. "நானே எடுத்துக்கறேன். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி ஆளுக்கு ஒண்ணு குடுத்துடறேன்" என்றாள். அவள் கைக்குப் போனால் ஒரு தூசுகூடக் குறையாது என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பிளேயர் ஒன்றை வாங்கினாள். அந்தக் காலத்துத் தட்டுக்கு ஏற்ற தடித்த ஊசியையும் தேடிப் பிடித்தாள். சமையலறைக்கு அடுத்த அறையில் மேஜை போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேஜைக் காலுக்கு அட்டை கொடுத்துச் சமன் செய்தாள். முதல் மூன்று தட்டும் நன்றாகவே ஓடின. ஒன்றில் அம்மா ஏதோ பாட்டை நாலு வரி பாடிவிட்டு மீதி மறந்துபோய்ச் சிரிக்கிறாள். ஒன்று முழுக்கத் தகரக் கூரைமேல் மழை. மூன்றாவதில் யாரோ ஒரு பெரியவர் விடாமல் தும்முகிறார். எதிலும் அப்பா பேசவில்லை. அவர் இயந்திரத்துக்குப் பின்னால் நின்றிருப்பார்.

நான்காவது, 'பையன் பேச்சு.' உறையிலிருந்து எடுத்தபோது தட்டெங்கும் வெள்ளையாக மாவு பூத்திருந்தது. பூஞ்சை என்று நினைத்தாள். முப்பத்தொரு வருஷம் பித்தளை எடைக்கற்களை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த கை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒரு சுற்றுத் துடைத்தாள். வெள்ளை போனது. தட்டு பளபளத்தது. இன்னொரு சுற்றுத் துடைத்துவிட்டுப் பஞ்சைத் திருப்பிப் பார்த்தாள். அது மைபோலக் கறுத்திருந்தது.

அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை. ஊசியை வைத்தாள். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் பட்டதுபோல ஒரே இரைச்சல். அதற்கு அடியில் ஒரு குழந்தையின் கத்தல் மாதிரி ஏதோ அரை விநாடி. பிறகு ஊசி வழுக்கிக்கொண்டு நடுவே போய் நின்றது.

அடுத்த நாள் நகர நூலகத்தின் ஒலிப்பதிவுப் பிரிவுக்குப் பஞ்சையும் தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்த பெண் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிட்டா?" என்று மட்டும் கேட்டாள். "இந்தப் பூச்சு அதுல கரைஞ்சிடும்மா. அந்த வெள்ளை பூஞ்சை இல்ல, பூச்சுக்குள்ள இருந்த எண்ணெய் வெளிய வந்தது. காய்ச்சி வடிச்ச தண்ணியில லேசாத் துடைச்சிருக்கலாம்." கண்டிப்பாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அந்தப் பெண் கனிவாகச் சொன்னாள்.

யாரிடமும் சொல்லாமல் மற்ற தட்டுகளைத் தொடர்ந்தாள். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினாள். ஆறு தட்டுகள் பழுதில்லாமல் முடிந்தன. அவற்றிலும் அப்பா பேசவில்லை. இருபத்து மூன்று நாள் அண்ணனின் போனை ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டாள். கணவருக்குத் தெரிந்துவிட்டது. பிழை திருத்துபவரின் கண் அல்லவா. குப்பைத் தொட்டியில் கிடந்த பஞ்சைப் பார்த்துவிட்டார்.

"ஊர்ல ஒருத்தரையும் நீ விட்டதில்ல" என்றார். "உன்ன மட்டும் விட்டுடப் போறியா?"

அன்றைக்குச் சாயங்காலமே அண்ணனுக்குப் போன் செய்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஸ்பிரிட் போட்டதையும் இருபத்து மூன்று நாள் மறைத்ததையும் சேர்த்தே சொன்னாள்.

"அண்ணா?"

"அதுல உன் குரல் இருந்திருந்தா அப்படித் துடைச்சிருப்பியா?" என்றார். போன் வைக்கப்பட்டது.

அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடாமல் படுத்தியது. கை தவறிவிட்டது, தெரியாமல் செய்தது என்று நூறு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சின்ன வயதில் அண்ணனை மட்டும் அப்பா கடைக்குக் கூட்டிக்கொண்டு போன நினைப்பும் கூடவே வந்தது. முன்யோசனை இல்லாமல் பஞ்சை எடுத்த கையில் கொஞ்சம் பொறாமை இருந்ததா? இல்லை என்று அடித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. அவளிடம் அதற்கான தராசு இல்லை.

ஒரு மாதம் பேச்சு இல்லை. அண்ணி மட்டும் ஒருநாள் போன் செய்து, "கோவம் இன்னும் இறங்கல. மாடிப்படியில ஏறி இறங்கிட்டே இருக்கார்" என்றாள். எழுபத்தொரு வயதில் அது உடம்புக்கு நல்லதுதான் என்று கணவர் முணுமுணுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அழைப்பு மணி அடித்தது. அண்ணன்தான். கையில் பை இல்லை, முகத்தில் சிரிப்பும் இல்லை. நேராக அந்த அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜைமேல் ஒரே ஒரு தட்டுதான் மிச்சம் இருந்தது. உறையில் 'சோதனை' என்று எழுதியிருந்தது. ஓரத்தில் பூச்சு பொருக்குப்போல எழும்பி, அடியில் அலுமினியம் தெரிந்தது.

"இத ஏன் இன்னும் செய்யல?"

"இது ஒரு தடவைதான் ஓடும்னு லைப்ரரியில சொன்னாங்க. ஊசி பட்டாலே உரிஞ்சிடும். நீங்க இருக்கும்போது ஓடட்டும்னு வச்சிருந்தேன்."

"நான் வராமப் போயிருந்தா?"

"வர்ற வரைக்கும் வச்சிருந்திருப்பேன்."

அவள் கேட்காமலே அவர் நான்காவது தட்டைப் பற்றிச் சொன்னார். "அதுல பெருசா ஒண்ணும் இல்ல. பிளேயர் கெட்டுப்போற வரைக்கும் நான் தெனம் கேப்பேன். மாடு எப்படிக் கத்தும்னு அம்மா கேப்பா. நான் நாய் மாதிரிக் கொலைப்பேன். பூனை எப்படிக் கத்தும்? அதுக்கும் கொலைப்பேன். அப்பா எப்படிக் கத்துவாரு? அதுக்கும் அதே கொலைப்புதான். அம்மா சிரிப்பா. அவ்வளவுதான்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

பிறகு தட்டைப் பொருத்தினாள். ஊசியை எடுத்தவள் இறக்காமல் அப்படியே பிடித்திருந்தாள். அண்ணன் கையை நீட்டி அவள் மணிக்கட்டை அடியில் தாங்கிக்கொண்டார். ஊசி இறங்கியது.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஓர் ஆணின் குரல். "ஒண்ணு. ரெண்டு. மூணு. சத்தம் சரியா விழுதா? ... ஒண்ணு, ரெண்டு. இப்ப? சத்தம் சரியா விழுதா? சரி, கடை சாத்தற நேரமாச்சு." மொத்தம் ஐம்பது விநாடிகூட இல்லை. ஊசிக்குப் பின்னால் பூச்சு சுருள் சுருளாக உரிந்து மேஜையில் விழுந்தது. ஆனால் பதிவு கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக ஏறிவிட்டது.

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இது அப்பா இல்ல."

"அண்ணா..."

"யாரோ சின்னப் பையன் பேசறான். அப்பாவுக்கு இப்படிக் கீச்சுக் குரல் கிடையாது. நீ வேகமா ஓட்டிட்ட."

தட்டு நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்றில்தான் ஓடியது. கம்ப்யூட்டரில் ஏறியதை இனி எந்த வேகத்தில் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதால் அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னும். இன்னும் கொஞ்சம்... ம், நில்லு. இதுதான். இதுதான் அப்பா." கனத்த, நிதானமான குரல் அறையில் எண்ணிக்கொண்டிருந்தது. அவள் திரையைப் பார்த்தாள். எழுபத்தொன்று.

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருந்தது. நூலகத்துப் பெண் சொல்லிக்கொடுத்தது. அந்த இயந்திரம் மின்சாரத்தில் ஓடியது. மின்சாரம் விநாடிக்கு ஐம்பது முறை துடிக்கும். அந்த ரீங்காரம் குரலுக்கு அடியில் மெல்லிசாகப் பதிவாகியிருக்கும். திரையில் அது ஒரு கோடாகத் தெரியும். கோடு ஐம்பதில் நின்றால் வேகம் சரி. எழுபத்தெட்டில் வைத்தபோது கோடு ஐம்பதிலேயே நின்றது. அண்ணன் கேட்ட வேகத்தில் அது நாற்பத்தாறுக்கும் கீழே இறங்கியது. அவள் அவரிடம் காட்டினாள்.

"கோடு இருக்கட்டும்" என்றார். "பத்தொன்பது வருஷம் அந்தக் குரல்ல திட்டு வாங்கினவன் நான்."

"இது மெஷின் வந்த புதுசுல பேசிப் பாத்தது. அப்ப அவருக்கு முப்பது வயசுகூட ஆகல. உங்க பையனவிடச் சின்னவர். உங்களுக்கு நெனப்புல நிக்கறது நாப்பது தாண்டின குரல். பீடி வேற."

"நீ சொல்றது சரியாவே இருக்கட்டும்மா. எனக்கு அந்த நாப்பது வயசுக்காரர்தான் வேணும்."

அவள் வாழ்நாளில் தெரிந்தே ஒரு தவறான அளவுக்கு முத்திரை குத்தியதில்லை. ஆனால் அவளுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. அப்பா சொன்ன வார்த்தைகள் எல்லாம் நினைவில் இருந்தன, குரல் இல்லை. அவர் திட்டியதும் கொஞ்சியதும் அவள் மனதுக்குள் அவளுடைய சொந்தக் குரலில்தான் ஒலித்தன. இந்த வீட்டில் அப்பாவின் குரலுக்குச் சாட்சி என்று இருந்தது எதிரில் உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டுமே. இரண்டையும் சேமித்தாள். ஒன்றுக்கு 'அளந்த வேகம், 78' என்று பெயர் கொடுத்தாள். மற்றதற்கு 'அண்ணன் நினைவில் உள்ள வேகம், 71.' அவர் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, "சரியாத்தான் போட்டிருக்க" என்றார்.

அடுத்து சின்னவளுக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொல்லி, "எத அனுப்பட்டும்?" என்று கேட்டாள்.

"எனக்கு என்னக்கா தெரியும்? மூணு வயசு. அவர் முகமே போட்டோவுல பாத்ததுதான்" என்றாள் தங்கை. "நீ எத அனுப்பறியோ அதுதான் இனிமே எனக்கு அப்பா குரல்."

எத்தனையோ தராசுகளுக்குச் சான்று கொடுத்தவள்தான். ஒரு மனுஷிக்கு அப்பனையே நிறுத்துக் கொடுக்கும்படி அவளிடம் யாரும் கேட்டதில்லை. மவுஸ்மேல் வைத்த கை நகரவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்த அண்ணன்தான் பேசினார்.

"எழுபத்தெட்டையே அனுப்பு. எனக்கு என் அப்பா இருக்காரு. அவ இளவட்டத்தோடயே ஆரம்பிக்கட்டும்."

அனுப்பினாள். கால் மணி நேரத்தில் தங்கையிடமிருந்து போன் வந்தது. அழுதிருக்கிறாள் என்று மூக்கடைப்பிலேயே தெரிந்தது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"ஆமா, 'சத்தம் சரியா விழுதா'ன்னு யாருகிட்ட கேக்கறாரு?"

அவளும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நேரம் அது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. மறுபடி போட்டுக் கேட்டார்கள். முதல் தடவை கேட்டுவிட்டு அப்பா காத்திருக்கிறார். அந்த இடைவெளியில் இரைச்சல் தவிர ஒன்றும் இல்லை. அப்புறம் 'இப்ப?' என்கிறார், யாரோ கையால் ஏதோ சைகை காட்டியிருக்க வேண்டும்.

"அம்மாதான்" என்றார் அண்ணன். "சாயங்காலம் கடைக்குச் சாப்பாடு கொண்டு போவா."

"அம்மாவா இருந்தா வாயத் தெறக்காம இருந்திருப்பாளா?" என்றாள் தங்கை, போனில்.

கடையில் வேலைக்கு இருந்தவரோ? அந்தத் தும்மல்காரரா? தும்மல்காரராக இருந்தால் இதிலும் தும்மியிருப்பார் என்று கணவர் வாசற்படியில் நின்றபடி சொன்னார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரம் தாண்டும்வரை பேசினார்கள். அண்ணன் பிடிக்க வேண்டிய ரயில் போய்விட்டது. அடுத்ததில் போகலாம் என்றார்.

அவர் கை கழுவப் போன நேரத்தில் அவள் பட்டியலைத் திறந்தாள். நான்காம் எண்ணுக்கு எதிரே, 'அழிந்தது, நான் ஸ்பிரிட்டில் துடைத்ததால்' என்று எழுதித் தேதி போட்டாள். அதன் கீழே மாடு, பூனை, அப்பா மூவருக்குமான குரைப்பை அண்ணன் சொன்னபடியே சேர்த்தாள். பிறகு பதினொன்றாம் எண்ணுக்கு வந்தாள். பேசுபவர்: அப்பா. கேட்பவர்: தெரியவில்லை.