வாசல் கூட்டத்தில் நாங்கள் போட்ட கோஷம்

நான் வேலை செய்யும் இரும்பு உருக்காலைக்கும் எங்கள் ஊருக்கும் இடையில் ஒரு சுவர்தான். காலையில் காயப்போட்ட வெள்ளைத் துணி மாலையில் சாம்பல் நிறமாகியிருக்கும். புகைக்கு எதிராகப் போராடும் ஊர்க்குழுவும் எங்கள் தொழிற்சங்கமும் சேர்ந்து பஞ்சாயத்துத் தேர்தலில் ஒரே வேட்பாளரை நிறுத்தலாம் என்று பேச்சு வந்தபோது எனக்குப் பயம்தான் அதிகம். இரண்டிலும் நான் இருந்தேன். சண்டை வந்தால் எந்தப் பக்கம் போய் உட்காருவது?

முதல் கூட்டம் ஷிப்ட் முடியும் நேரத்தில், ஆலை வாசலில். நான் மைக் பிடிக்கிறவன் இல்லை. ஆனால் கோஷம் என்றால் குரல் தானாக வந்துவிடும். முன்னால் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்வோம், யோசிக்க வேண்டியதில்லை. அன்று மைக்கை ஊர்க்குழுவை நடத்தும் அக்காவிடம் கொடுத்தார்கள். அவர் ஊரில் சொல்லிப் பழகியதையே சொன்னார்.

"மூடு மூடு, ஆலையை மூடு!"

நாங்களும் முழுத் தொண்டையில் சொன்னோம். மூன்றாவது தடவைதான் பக்கத்தில் நின்றவர் என்னை முழங்கையால் இடித்தார்.

"யோவ், இன்னாய்யா கத்திக்கினு இருக்கோம்? நம்ம கம்பெனியத்தான் மூடச் சொல்றோம்!"

கூட்டம் கப்பென்று அடங்கியது. கேட்டுக்குள் சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் டீக்கடையில் எங்கள் சங்கச் செயலாளர், அந்த அக்காவின் மேல் பாய்ந்தார். "எங்க சோத்துல மண்ணப் போடத்தான் கூட்டணியா? இதோட முட்ச்சிக்கலாம்."

"எங்க மாமியா மூச்சு வுட முடியாம கெடக்குதுண்ணா. நான் வேற இன்னான்னு கத்தறது?"

"புகைய வடிகட்டற ஃபில்டர் உள்ள இருக்குது, கரண்டு செலவுன்னு ஆஃப் பண்ணி வெக்கறாங்க. அத ஓட்டச் சொல்லு."

"நீங்க உள்ளதான இருக்கீங்க? அத ஆஃப் பண்ணா வந்து சொல்வீங்களா?"

செயலாளர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "சொல்றோம்" என்றார்.

"அப்ப மூடுன்றத நான் வுட்டுடறேன்."

அடுத்த கூட்டத்தில் அக்கா புதுக் கோஷம் போட்டார். "ஃபில்டரை ஓட்டு! வேலையைக் காப்பாத்து!"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. சூடுபட்டவர்கள் இப்போது யோசித்துக்கொண்டு நின்றார்கள். சூப்பர்வைசரின் போன் மேலே வந்தது. அக்கா இன்னொரு தடவை சொன்னார், குரல் உடைந்தது. இதற்கும் பதில் வராவிட்டால் கூட்டணி இந்த வாசலோடு சரி.

கத்திவிட்டேன். தனியாக. போன் என் பக்கம் திரும்பியது.

பின்னாலிருந்து சில குரல்கள் சேர்ந்தன. எத்தனை பேர் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.