கால் இல்லாத மேசைக்கு அடியில்

அவளைப் 'பயந்தாங்கொள்ளி அண்ணி' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பட்டறையில் கூட வேலை பார்க்கும் கொழுந்தன் வாய்க்கு வாய் அண்ணி என்று கூப்பிட, பலகைக் கடைக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை அதையே பிடித்துக்கொண்டார்கள். முன்பாதியை ஒட்டவைத்த புண்ணியவான் அவள் புருஷன். கட்டினவனே அப்படிச் சொன்னால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அவளும் கோபித்துக்கொள்வதில்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள் என்று விட்டுவிடுவாள்.

மேசை முனையைப் பார்த்தால் அவளுக்கு ஏதோ ஒரு குழந்தையின் நெற்றி ஞாபகம் வரும். இழுப்பறையைப் பார்த்தால் நசுங்கிய விரல் ஞாபகம் வரும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பயம்தான் அவளுக்குச் சோறு போட்டது. சின்னச் சின்ன அடுக்குமாடி வீடுகளுக்குச் சமையலறை, சாப்பாட்டு அறைச் சாமான்களை வடிவமைத்துச் செய்து மாட்டிக்கொடுப்பது அவள் தொழில். அவள் செய்த எதிலும் கூர் முனை இருக்காது. அவள் இழுப்பறையை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் கடைசி நாலு விரற்கடைக்கு மெதுவாகத்தான் போய்ச் சாத்தும். பெஞ்சு மூடியைக் கைநழுவ விட்டால் பாதியிலேயே நின்றுவிடும். 'வீட்டுல குழந்தை இருக்கா, அப்ப அண்ணிகிட்ட போங்க' என்று ஆட்களே ஆட்களை அனுப்பிவைத்தார்கள்.

பிறவியிலேயே இப்படி இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் தன் சொந்தச் சமையலறையில் ஒரு அலமாரி மாட்டினாள். மகளுக்கு அப்போது மூன்று வயது. அலமாரிக்கு நேர் கீழே தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை, தண்ணீர் வேண்டும் என்று எழுந்து போனாள். பாத்திரங்களோடு அலமாரி அப்படியே தட்டின்மேல் வந்து விழுந்தது. சுவர் சொத்தை என்று கொழுந்தன் சுவரைத் திட்டினான். சுவர்மேல் தப்பில்லை. இரண்டு திருகை அப்புறம் முடுக்கிக்கொள்ளலாம் என்று இவள்தான் விட்டிருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. நடுவில் ஒடுங்கிப்போன அந்தத் தட்டைப் பட்டறையில் ரம்பத்துக்கு மேலே மாட்டிவைத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டால் "சும்மா" என்பாள்.

அன்றைக்குப் பிறகு வந்ததுதான் சிவப்புத் திருகு. எந்தச் சாமானையும் சுவரில் மாட்டும்போது முதலில் கட்டை விரல் நீளத் திருகுகளைப் போட்டுத் தற்காலிகமாக நிறுத்துவார்கள். மட்டம் பார்த்துச் சரிசெய்தபின், அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, துளையை ஆழப்படுத்தி, கைநீள போல்ட்டுகளை இறக்குவார்கள். அந்தத் தற்காலிகத் திருகுகளின் தலைக்கெல்லாம் மகளின் நகப்பூச்சை எடுத்துச் சிவப்படித்தாள். ஒரு டப்பாவுக்குப் பன்னிரண்டு. வேலை முடிந்ததும் பன்னிரண்டும் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். எண்ணிப் பார்த்து மூடின பிறகுதான் அந்த வீட்டை விட்டு வெளியே கால் வைப்பாள். பதினாலு வருஷமாக ஒரு திருகு குறைந்ததில்லை.

அவள் பேர் சொல்லும் சாமான் என்றால் அது கால் இல்லாத மேசை. மேலே தூக்கிவிட்டால் சுவரோடு சுவராக அலமாரிக் கதவு போல நிற்கும். பிடியை இழுத்தால் மெதுவாக இறங்கி எட்டுப் பேர் சாப்பிடும் மேசையாகிவிடும். கால் கிடையாது என்பதால் யார் முழங்காலிலும் இடிக்காது, பெருக்கித் துடைக்க வசதி, பிள்ளைகள் அடியில் விளையாடலாம். பாரம் முழுவதையும் சுவரில் மாட்டிய இரும்புச் சட்டம்தான் தாங்கும். சட்டத்துக்கு மூன்று வரிசை, வரிசைக்கு நாலு போல்ட். அதில், தூக்கிச் சாத்திய மேசைக்கும் மேலே நிற்கும் மேல் வரிசைதான் உயிர். மேசை நுனியில் யாராவது கையை ஊன்றினால் சட்டம் மேலேதான் சுவரை விட்டுப் பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கும். ஆகவே மேல் வரிசையைக் கொழுந்தனிடம்கூட விடமாட்டாள், அவள் கையால்தான் போடுவாள். போல்ட் தலைகள் தெரியாமல் இருக்கக் கடைசியில் ஒரு மரப்பட்டையை வைத்து மூடுவது மட்டும் கொழுந்தன் வேலை.

அந்தச் சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட டீச்சர் வீட்டில் அப்படி ஒரு மேசை மாட்டினார்கள். மூன்றாவது மாடி. டீச்சருக்கு நாலு வயதில் ஒரு பெண், வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள். குட்டிக்கு வாயும் ஓயாது, காலும் ஓயாது. கீழ் இரண்டு வரிசை முடிந்து, அண்ணி மேல் வரிசைக்காகத் துளைக்கருவியோடு ஸ்டூலில் ஏறினாள். திரும்பிப் பார்த்தால் குட்டி தரையில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, சிவப்புத் திருகுகளை மணி மாதிரி வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறாள். ஒன்று உதட்டுப் பக்கத்தில் இருந்தது. ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கி, கையில் இருந்ததைப் பிடுங்கி, கிடந்ததை எல்லாம் அள்ளிப்போட்டு, டப்பாவை அழுத்தி மூடிப் பைக்குள் தள்ளினாள். அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்ப் பென்சிலும் காகிதமும் கொடுத்துச் சமாதானம் செய்தாள். திரும்பி வந்தபோது, பட்டையை எடுத்துவரக் கீழே போயிருந்த கொழுந்தன் அதை மூடிவிட்டுத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தான். அண்ணி ஸ்டூலை விட்டு இறங்கிவிட்டால் மேல் வரிசை முடிந்தது என்று அர்த்தம். அவன் கண்ட வழக்கம் அதுதான்; பட்டையைக் கீழிருந்தே கையை நீட்டிப் பொருத்தியதில் சிவப்புத் தலைகள் அவன் கண்ணில் படவும் இல்லை. அவளோ பட்டை மூடியிருப்பதைப் பார்த்ததும் வேலை முடிந்துவிட்டது என்றே நம்பிவிட்டாள். பட்டை மூடியிருந்தால் முடிந்த வேலை. அவள் கண்ட வழக்கம் அது. பிள்ளை எதையும் விழுங்கியிருக்கக் கூடாதே என்ற ஒரே கவலையில் எண்ணவும் மறந்துபோனாள்.

மறுநாள் ஞாயிறு. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, திங்கட்கிழமை வேலைக்குப் பையை அடுக்கும்போது டப்பாவைத் திறந்தாள். எட்டுத் திருகுதான் இருந்தது. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். திரும்ப எண்ணினாள். எட்டு. முதலில் வந்த நினைப்பு, பிள்ளை நாலை விழுங்கிவிட்டாள் என்பது. கை தன்னால் வாயைப் பொத்திக்கொண்டது. அப்புறம் ஸ்டூல் ஞாபகம் வந்தது. ஏறினது ஞாபகம் இருக்கிறது, இறங்கினது ஞாபகம் இருக்கிறது. நடுவில் துளைக்கருவி ஓடின சத்தம் மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

ஒன்று திருகு பிள்ளையின் வயிற்றில் இருக்கிறது, இல்லையென்றால் பிள்ளையின் தலைக்கு மேலே சுவரில் இருக்கிறது. எது நிஜமாக இருக்க வேண்டும் என்று கும்பிடுவது? சரி, அவள் பயத்துக்கு இதைவிட நல்ல சாப்பாடு வேறு என்ன வேண்டும். பதினாலு வருஷமாக எது வந்துவிடக் கூடாது என்று பயந்தாளோ, அது அந்தப் பயத்தின் கையைப் பிடித்துக்கொண்டே வந்திருந்தது.

டீச்சருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பப் போட்டாள். அப்போதுதான் இன்னொன்று மண்டையில் உறைத்தது. நேற்று டீச்சர் வாய் நிறையச் சொன்னாளே, ஞாயிறு மதியம் அண்ணன் குடும்பம் சாப்பிட வருகிறது, புது மேசையில் எட்டுப் பேரும் ஒன்றாக உட்காரப்போகிறோம் என்று. மணி பதினொன்றே முக்கால்.

கொழுந்தனை எழுப்பி வண்டியை எடுக்கச் சொன்னாள். "அண்ணி, நீங்க கனவுல கூட திருகு எண்றவங்க, நீங்களாவது மறக்கிறதாவது" என்று அவன் சிரித்துக்கொண்டேதான் வண்டியைக் கிளப்பினான். நடந்ததை அவள் சொல்லி முடித்ததும் அவன் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சிக்னலில் நின்ற ஒவ்வொரு நிமிஷமும் அவள் மடியில் போனை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் நின்ற பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். இந்த உலகத்தில் இன்றைக்கு ஒருத்தருக்குச் சிரிப்புகூட வருகிறதா என்று அவளுக்கு அழுகை முட்டியது.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. மூன்று மாடியும் ஏறி, மூச்சு வாங்க நின்றபோது வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. மேசை இறங்கியிருந்தது. அதன்மேல் பெரிய பெரிய பாத்திரங்கள், எட்டுத் தட்டு, தண்ணீர் ஜாடி. டீச்சரின் அண்ணன், ஆள் மலை மாதிரி, நுனியில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி முதலில் பார்த்தது மேல் பட்டையைத்தான். நேற்றுச் சுவரோடு ஒட்டியிருந்த பட்டைக்கும் சுவருக்கும் நடுவே இன்று ஒரு ரூபாய்க் காசு நுழையும் இடைவெளி. தட்டுகளுக்கு ஓரமாகச் சுவர்ப் பூச்சின் பொடி கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

குட்டி எங்கே என்று குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியில், பொம்மையை மடியில் படுக்கவைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க வாங்க, நல்ல நேரத்துக்குத்தான் வந்தீங்க" என்று டீச்சர் எழுந்திருக்கப் போனாள். எழுந்திருப்பவர்கள் மேசையில் கையை ஊன்றித்தானே எழுவார்கள். ஊர்ப்பட்ட பயத்தில் இருந்தவளுக்கு, அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு நிதானமான குரல் வந்தது.

"யாரும் எந்திரிக்காதீங்க. கையை மட்டும் மேசையிலருந்து எடுத்துடுங்க. நாற்காலிய மெதுவா பின்னால தள்ளுங்க."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, கதை சொன்னவர்கூட மறுபேச்சுப் பேசாமல் கையை எடுத்தார். கொழுந்தன் பாய்ந்து போய் நுனியைக் கீழிருந்து தாங்கினான். அண்ணி நாலு காலில் உள்ளே தவழ்ந்து, முதுகைப் பலகைக்கு முட்டுக்கொடுத்து, பிள்ளையை வெளியே போகச் சொன்னாள். இது என் வீடு, போகமாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்தது. பொம்மைக்குத் தூக்கம் வருகிறதாம். முதுகுக்கு மேலே சட்டம் கிரீச்சென்று ஒருதரம் முனகியது. அண்ணி பொம்மையைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். பிள்ளை வீறிட்டுக்கொண்டு அதன் பின்னால் ஓடியது. நல்லவேளை, பொம்மை விழுந்தது கதவுப் பக்கம்.

தட்டுகளையும் பாத்திரங்களையும் ஒவ்வொன்றாக எடுத்த பிறகு மேசையைத் தூக்கிச் சாத்தினார்கள். பட்டையைக் கழற்றினால் நாலு சிவப்புத் தலை வரிசையாக நின்றது. முதல் மூன்றுக்குத் திருப்புளி வேண்டியிருந்தது. நாலாவது அவள் விரல் பட்டதும் பொலபொலவென்று பொடியோடு கையில் வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த எல்லோர் முகத்திலும் ரத்தம் வற்றிப்போனது.

ஒரு சின்ன செக்கிங்தான், எல்லா வீட்டுக்கும் மறுநாள் வந்து பார்ப்பது வழக்கம் என்று கொழுந்தன் மென்று விழுங்க ஆரம்பித்தான். பாவம், அண்ணியைக் காப்பாற்றப் பார்த்தான். அவளுக்குப் பட்டறைச் சுவரில் தொங்கும் தட்டு ஞாபகம் வந்தது. அப்போது சுவர்மேல் பழியைப் போட்டது போதாதா?

"வழக்கமெல்லாம் இல்ல டீச்சர். போல்ட்டு போடவே இல்ல. நான்தான் மறந்துட்டேன்."

டீச்சர் அந்த நாலு திருகையும் பார்த்தாள். கத்துவாள் என்று அண்ணி காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவள் பிள்ளையை இழுத்துத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டதைத்தான் அண்ணியால் தாங்க முடியவில்லை.

அண்ணி ஸ்டூலில் ஏறினாள். துளைக்கருவியை ஓட்டினாள். நாலு துளை, நாலு போல்ட். ஒவ்வொன்றையும் முடுக்கிவிட்டு, இறங்கி வந்து, திரும்ப ஏறிப்போய் முடுக்கினாள். பன்னிரண்டையும் தொட்டுப் பார்த்தாள். டப்பாவில் பன்னிரண்டு சிவப்பையும் எல்லோர் முன்னாலும் எண்ணிப் போட்டாள். பட்டையை மூடி, மேசையை இறக்கினாள். வேலை முடிந்தது. வீட்டில் ஒருத்தரும் மேசை பக்கம் நகரவில்லை.

குட்டிதான் அம்மாவின் புடவையை விட்டுவிட்டு முன்னால் வந்து, என் வீட்டுக்குள் போகட்டுமா என்று கேட்டாள். டீச்சர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்களே சொல்லுங்க. இவளை விடலாமா?"

விடலாம் என்ற ஒரு சொல். தொழிலில் எத்தனையோ தரம் சொன்ன சொல்தான். அண்ணிக்கு அது வாயில் வரவில்லை. மூன்று ஆள் ஏறி உட்கார்ந்தாலும் தாங்கும் என்று வரைபடத்தில் எழுதியிருந்தாள். எழுதுவதற்கு என்ன, பென்சில் இருந்தால் போதும். அவள் குனிந்து, பிள்ளை உட்கார்ந்திருந்த அதே இடத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கொழுந்தனையும், டீச்சரின் புருஷனையும், அந்த மலை மாதிரி அண்ணனையும் மேலே ஏறி உட்காரச் சொன்னாள். அவர்கள் தயங்கினார்கள். அண்ணி திரும்பவும் சொன்னாள்.

ஒவ்வொருத்தராக ஏறினார்கள். ஒவ்வொரு ஆள் ஏறும்போதும் அவள் கண்ணை இறுக மூடினாள். மூன்றாவதாக மலை ஏறியபோது நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் வேறு எதுவும் அவள் காதில் விழவில்லை. ஓடிவிடு, ஓடிவிடு என்றது கால். ஓடவில்லை. கண்ணைத் திறந்தபோது பலகை அவள் தலைக்கு ஒரு சாண் மேலே, இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு முனகல்கூட இல்லை.

எதிரே குட்டி குந்தி உட்கார்ந்து அவளை முறைத்துக்கொண்டிருந்தாள். பொம்மையை எறிந்த கோபம் இன்னும் போகவில்லை. இந்தத் தடவை டீச்சர் பிள்ளையைப் பிடித்துவைக்கவில்லை.

"என் வீட்டுக்குள்ள கேக்காம வரக்கூடாது. கதவத் தட்டணும்."

அண்ணி விரலை மடக்கி, தலைக்கு மேலிருந்த பலகையை மூன்று தரம் தட்டினாள். திடமான சத்தம்தான் கேட்டது. பிள்ளை யோசித்துப் பார்த்துவிட்டு, சரி இருந்துக்கோ என்று சொல்லி, உள்ளே வந்து அவள் மடியில் பொம்மையைப் படுக்கவைத்தது. அப்போதுதான் அண்ணிக்கு அடக்கிவைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மேலே மூன்று ஆம்பிளைகளும் இறங்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.