மருமகள் அறைக் கதவின் கீல்

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டை விட்டு, ஜோர்ஜ் டவுனில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து நாங்கள் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாங்கள் என்றால் நான், என் மகன், புதிதாக மணமுடித்து வந்த மருமகள். மனைவி தவறிய பிறகு ஆண்கள் இருவர் மட்டும் இருந்த வீட்டுக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று, கூடத்தை ஒட்டிய பெரிய அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு மாடியில் சின்ன அறையை நான் வைத்துக்கொண்டேன்.

முதல் வாரத்திலேயே ஒன்று என்னை உறுத்தத் தொடங்கியது. மருமகள் வேலை முடிந்து வருவாள். "சாப்டிங்களா மாமா?" என்பாள். அறைக்குள் போவாள். உடனே கதவு சாத்திக்கொள்ளும். துணி எடுக்கப் போனாலும் சாத்தும், சார்ஜர் எடுக்கப் போனாலும் சாத்தும். டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானே முடிவுகட்டினேன். மகன் உள்ளே போனாலும் அந்தக் கதவு சாத்திக்கொள்ளத்தான் செய்தது. அது என்னை உறுத்தவில்லை.

அவளிடமே கேட்டிருக்கலாம். நான் போய்ச் சொன்னது அவள் அப்பாவிடம்.

ஒரு கல்யாண விருந்தில் சம்பந்தி என் பக்கத்தில் உட்கார்ந்தார். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மெதுவாகப் பேசுகிற மனிதர். "நம்ம பொண்ணு எப்படி இருக்கா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கா. என்னைக் கண்டா மட்டும் கதவச் சாத்திக்கிறா லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் எதிரில் இருந்தவர்கள் காதிலும் விழும்படி சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது. "மன்னிச்சுக்குங்க சம்பந்தி, நான் கண்டிக்கிறேன்" என்றார். அதன் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த நாளிலிருந்து மருமகள் மாறிவிட்டாள். ஆபீஸ் வேலையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்தாள். நான் மாடிக்குப் போகும்வரை அறைக்குள் போகமாட்டாள். அந்த நாற்காலி அவளுக்கு ஒத்துவரவில்லை. அடிக்கடி கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொள்வாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், சொன்னதற்குப் பலன் இருக்கிறது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

பிறகு ஒருநாள் அந்தக் கதவு தொங்கிப்போய்த் தரையில் உரச ஆரம்பித்தது. கான்டிராக்டரைக் கூப்பிடலாம் என்றான் மகன். மாக் மண்டின் வட்டாரத்தில் ஒரு பட்டறையில் இரும்போடு புழங்கியவனுக்கு ஒரு கீல் மாற்றத் தெரியாதா என்று நானே இறங்கினேன். குடிவந்த பிறகு அந்தக் கதவில் நான் கை வைத்தது அன்றுதான் முதல்முறை. மேல் கீலின் தகடு விரிசல் விட்டிருந்தது. கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தோம். கீல்கள்மேல் பெயிண்ட் அடை அடையாய் அப்பியிருந்தது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே பித்தளை. இரண்டு தகடும் சேருகிற குழலின் வெட்டு நேராக இல்லாமல் சரிவாக இருந்தது. தேய்ந்து கோணிவிட்டது என்று நினைத்தேன்.

கீல்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். இரண்டு கடைகளில் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி இப்போது வருவதில்லை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிதாகப் போடு என்றார்கள். பழைய சாமான் விற்கிற ஒரு சீனர்தான், "கிரி கா, கானான்?" என்று மலாயில் கேட்டார். இடமா, வலமா?

கீலில் என்ன இடம், வலம்? எனக்கு விளங்கவில்லை. கதவு உள்பக்கம் திறக்கும், கீல் வலதுபக்கம் என்று கையால் காட்டினேன். அவர் தேட உள்ளே போனார். நான் கடை வாசல் ஐந்தடி நடைபாதையில் நின்று, உடையாத கீலைச் சும்மா நிமிர்த்திப் பிடித்து விரித்தேன். மேல் பாதி அந்தச் சரிவில் ஏறியது. விரலை எடுத்தேன். வழுக்கி இறங்கித் தானாகவே மூடிக்கொண்டது.

மறுபடி விரித்தேன். மறுபடி மூடியது.

தேய்மானம் இல்லை. அப்படியே செய்யப்பட்டது. கதவு திறக்கும்போது கொஞ்சம் தூக்கும், விட்டால் தன் பாரத்திலேயே வந்து சாத்திக்கொள்ளும். யாரும் கை வைக்க வேண்டியதில்லை. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. சீனர் ஒரு ஜோடியைத் துடைத்துக்கொண்டு வந்தபோது பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்தேன்.

வீட்டில் மருமகள் மேசையில் இருந்தாள்.

"ஏம்மா, அந்தக் கதவு தானா சாத்திக்குமா?"

"ஆமா மாமா. வந்த நாள்லேர்ந்து அப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க என்கிட்ட கேக்கலியே மாமா. எங்கப்பாகிட்டதானே சொன்னீங்க" என்றாள். பிறகு, "முதல்ல கதவு சாத்தாம முட்டுக்கொடுக்க ஒரு ஸ்டூல பக்கத்துல வச்சிருந்தேன். வழியில தடுக்குதுன்னு நீங்கதான் எடுத்து வச்சிட்டீங்க" என்றாள்.

ஸ்டூலை எடுத்து வைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. என்ன பிள்ளை இது, சாமான்களை வழியில் போடுகிறதே என்று முணுமுணுத்ததும் ஞாபகம் இருந்தது. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"சாதா கீலே போட்டுடவா?"

"வேணாம் மாமா, அதே மாதிரி போடுங்க. தரை சரிவா இருக்கு, சாதாவா போட்டா கதவு தரையில முட்டும். உள்பக்கம் ஒரு கொக்கி மட்டும் போட்டுக் கொடுங்க. திறந்து வைக்கணும்னா மாட்டிக்கிறேன்."

மகன் கதவைப் பிடித்துக்கொள்ள நான் மாட்டினேன். கொக்கியும் போட்டேன்.

சனிக்கிழமை பெர்ரி ஏறி, பஸ் பிடித்து சம்பந்தி வீட்டுக்குப் போனேன். திடீரென்று என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார். "பொண்ணுக்கு ஏதும்...?"

"பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. தப்பு என் மேல" என்று கீல் கதை முழுவதையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அவர் மனைவி தேநீரை வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"அன்னைக்கு இவரு போன்ல பேசினதுக்கு அவ ஒரு வாரம் எங்ககூடப் பேசல" என்றார் அந்த அம்மா.

சம்பந்தி அவரைப் பேசாதே என்று அடக்கவில்லை. "நீங்க சொன்னீங்க, சரி. நானும் என் பொண்ண ஒரு வார்த்தை கேக்கலியே சம்பந்தி" என்றார். பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கேட்டுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்று வெகுநேரம் பேசினார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பாத்தியதையும் இல்லை. தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார். எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது, ஆனால் மறுக்க முடியவில்லை. மீன் குழம்பு நன்றாக இருந்தது. கேட்காமலே மறுபடி மறுபடி போட்டார் அந்த அம்மா. கடைசிவரை என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.