பெடலுக்குப் போட்ட பாலிஷ்

வட ஆற்காட்டிலிருந்து எங்கள் மாவட்டம் தனியாகப் பிரிந்த வருஷம் என் வீட்டுக்காரர் ஒரு அம்பாசிடர் வாங்கினார். வெள்ளை வண்டி, அதற்கு முன்னே இரண்டு கை மாறியது. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டில் போட்டு ஓட்டினார். ஓட்டுவது அவர், கழுவுவது நான். அந்தக் கழுவுகிற வேலையில் நான் செய்த ஒரு தப்பால் ஒரு பெரியவர் செத்துப்போனார். அந்தப் பழியை என் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் சுமந்தார். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அஞ்சாவதோடு நின்றவள், எழுத்து முன்னே பின்னே இருக்கும்.

வண்டி கழுவ எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் துணி துவைக்கிற சோப்புத்தூளைக் கரைத்து ஊற்றினேன். மூன்று மாசத்தில் கூரை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துவிட்டது. அதற்குப் பிறகு தலைக்குப் போடுகிற ஷாம்பு, ஒரு பக்கெட்டுக்கு ஒரு பாக்கெட். அதில் மினுமினுப்பு போகவில்லை. வெயில் ஏறுவதற்குள் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும். கிரிவலப் பாதைப் புழுதியைக் காய்ந்த துணியால் துடைக்கக் கூடாது, அது மணல், கோடு போடும். மேலே இருந்து தண்ணீர் விட்டு இறக்க வேண்டும். டயர் துடைத்த துணி மேலே படக் கூடாது. கண்ணாடிக்குப் பழைய பேப்பரை நனைத்துக் கசக்கித் துடைத்தால் போதும். தார் ஒட்டினால் பஞ்சில் கொஞ்சம் மண்ணெண்ணெய், உடனே ஷாம்புத் தண்ணீர்.

பம்பரை ஒருநாள் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். மேல்பூச்சு போய் உள்ளே இருந்த செம்மஞ்சள் எட்டிப் பார்த்தது. வீட்டுக்காரர் திட்டவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா சாமி விளக்காட்டம் ஆக்கிட்ட. திரி ஒண்ணு போட்டா ஏத்திடலாம்" என்றார். அவர் அப்படித்தான் பேசுவார் அப்போது.

கறுப்பு சாமான்கள்தான் எனக்குப் பிடிபடவில்லை. டயருக்கும் டேஷ்போர்டுக்கும் தேங்காய் எண்ணெய் தடவினால் காலையில் பளபளவென்று இருக்கும், மத்தியானத்துக்குள் செம்மண் அப்பிக்கொள்ளும். ஸ்டாண்டில் இன்னொருவருடைய வண்டி உள்ளே மழையில் நனைந்த மாதிரி மின்னுதாம். "எதைப் போட்றானோ, சவாரிக்காரன் எட்டிப் பாத்தாலே ஏறிடறான்" என்று இவர் ஒருநாள் சோறு சாப்பிடும்போது சொன்னார். அது என் மனசில் தங்கிவிட்டது.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது நானே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். உள்ளே முழுக்க ஆம்பளைகள். எதிர்ப்புறம் பூக்கடையில் நின்று, வாங்காத பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் குறைந்ததும் போய், உள்ளே பளபளப்பாக இருக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. மேலே எல்லாம் இங்கிலீஷ். டேஷ்போர்டுக்குப் போடலாம், கதவு ரப்பருக்குப் போடலாம், டயருக்கும் போடலாம், கொஞ்சமாகத் துணியில் எடுத்துத் துடைக்கணும் என்றார். அதற்குள் மூன்று பேர் பேசிச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காசைக் கல்லா மேல் வைத்துவிட்டுப் படி இறங்கிவிட்டேன்.

"ஏம்மா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், நில்லும்மா" என்று அவர் பின்னால் கூப்பிட்டது காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை.

ஆயுத பூஜை அன்று எங்கள் பக்கம் தொழில் சாமான் எல்லாவற்றையும் கழுவி, எண்ணெய் தொட்டுத் துடைத்து, பொட்டு வைப்போம். மண்வெட்டி, அருவாமனை, தையல் மிஷின், எது சோறு போடுகிறதோ அது. வண்டியில் எங்களுக்குச் சோறு போடுவது எது என்று யோசித்தேன். ஸ்டியரிங்கும் அவர் கால் வைக்கிற பெடலும் என்று பட்டது. வேறு எங்கும் அப்படித் துடைத்திருக்க மாட்டேன். கீழே தலையை விட்டு, மூன்று பெடலையும் சோப்புப் போட்டுக் கழுவி, அந்தப் பாட்டிலில் இருந்து எடுத்துத் தேய்த்தேன். புது ரப்பர் மாதிரி கறுத்து மின்னியது. பத்தாது என்று இன்னொரு தரம் போட்டேன். ஓரத்தில் குங்குமம் வைத்தேன். ஸ்டியரிங்குக்கு அவர் நூல் உறை போட்டிருந்தார், அதனால் அதற்குச் சந்தனம் மட்டும்.

பூஜை போட்ட வண்டியில் முதல் சவாரி முடிகிற வரைக்கும் அவர் செருப்புப் போட மாட்டார். மறுநாள் காலையில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி எடுத்தார். கீழ்பென்னாத்தூருக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வெறுங்காலோடு போனார். ஊருக்கு முன்னால் ஒரு வளைவு. சைக்கிளில் பால் கேனோடு ஒரு பெரியவர் குறுக்கே திரும்பினார். சவாரிக்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியவர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார்.

வண்டி மோதிய அன்று சாயங்காலம் வீடு முழுக்க ஆட்கள். நடுவில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"பிரேக்லதான் கால வெச்சேன். கால் நிக்கல."

தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. கடைக்காரர் பின்னால் கூப்பிட்டுச் சொல்ல வந்தது, பெடலுக்குப் போடாதே, வழுக்கும் என்பதைத்தான் என்றும் தெரிந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் வாய் வரவில்லை. எல்லோரும் போனதும் சொல்லலாம் என்று நினைத்தேன். எல்லோரும் போனதும், விடியட்டும் என்று நினைத்தேன். அப்படியே போனது.

வண்டியைப் பரிசோதித்தவர்கள் பிரேக் சரியாக இருக்கிறது என்று எழுதினார்கள். அந்த வாரம் அவர் இரண்டு தரம் திருப்பதி போய் வந்திருந்தார், தூக்கம் கம்மி. அதனால் தூங்கிவிட்டான் என்று ஆகிவிட்டது. ஸ்டாண்டில் அவர் காதுபடவே, "பிரேக் இருந்துச்சு, காலும் இருந்துச்சு, அண்ணன்தான் அங்க இல்ல" என்று சிரித்தார்களாம். அதை வீட்டில் வந்து என்னிடம் சொல்லி அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் ஸ்டாண்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

வண்டி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்ததும் நான் முதலில் செய்தது, கீழே தலையை விட்டுப் பெடலைத் தேய்த்ததுதான். சோப்புத்தூள், பிறகு சாம்பல், பிறகு தேங்காய் நார். ரப்பர் வெளிறி, சொரசொரப்பாக, பழைய செருப்பு மாதிரி ஆகிற வரைக்கும் விடவில்லை. அவர் வாசலில் நின்று, "இனிமே யாரு ஏறப்போறாங்கன்னு இப்படிக் கழுவுற" என்று கேட்டார். அழுக்கு என்றேன். பாட்டிலைக் குப்பைமேட்டில் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

கேஸ் நடந்தது, லைசென்ஸ் போனது, வண்டியும் போனது. ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். நாளாக நாளாக, கால் நிக்கல என்று சொல்வதை விட்டுவிட்டார். யாராவது பழைய பேச்சை எடுத்தால், "ஆமாங்க, கண் அசந்துட்டேன்" என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். சும்மா சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அப்படியில்லை என்று தெரிய பதினோரு வருஷம் ஆனது. வேங்கிக்காலில் புதிதாக வீடு கட்டி வந்த ஒரு ஆபீசர், வீட்டுக் கார் ஓட்ட நிதானமான ஆள் வேண்டும் என்றார். லைசென்ஸ் திரும்ப வாங்கித் தருகிறேன், ஆபீசுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும்தான் என்று வீடு தேடி வந்து கேட்டார். இவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

ஆபீசர் போனதும், நல்ல இடம், ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கே என்மேல நம்பிக்கையில்ல. கண்ணு முழிச்சிக்கினே தூங்கறவன் நான். புள்ளைங்கள ஏத்திக்கினு போய் எங்கனா உட்டுட்டா?"

அப்போதுதான் சொன்னேன். பாட்டில், பெடல், இரண்டு தரம் போட்டது, பிறகு சாம்பல் போட்டுத் தேய்த்தது எல்லாம். அரிசி களைந்த பாத்திரம் கையில் இருந்தது. அதைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.

அவர் என் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப நான் தூங்கல" என்றார்.

"இல்லீங்க."

"நான் தூங்கல."

"இல்லீங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. கை ஓங்கவில்லை. மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு" என்றார். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறின பிறகுதான் எங்கே என்று எனக்குப் புரிந்தது. பஸ்ஸில் ஒன்றே ஒன்று சொன்னார். கேஸ் முடிந்த வருஷம் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய், தூங்கிவிட்டேன் என்று அவர் மகள் காலில் விழுந்துவிட்டு வந்தாராம். எனக்கு அது தெரியாது.

ரோட்டோரத்திலேயே அவர் நின்றுகொண்டார். "நீ போய் சொல்லு. உன் வாயால சொல்லு" என்றார்.

அந்த மகளுக்கு என் வயசுதான் இருக்கும். முறத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்லவே நேரமானது. நடந்ததைச் சொன்னேன். எங்கெங்கோ நின்று நின்று சொன்னேன். அவள் கை ஒரு இடத்தில் நின்றது, பிறகு மறுபடி உரித்தது.

"இத்தினி வருஷம் ஏம்மா சொல்லல?"

"ஆளுங்க முன்னாடி பேச வராதுங்க எனக்கு."

"இப்ப வருதா?"

"அவரு தூங்கல. அது மட்டும் உங்களுக்குத் தெரியணும்" என்றேன்.

அவள் எழுந்து, என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தாள். வெயிலில் அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் பார்க்காமல் நின்றிருந்தார்.

"அவர உள்ள வந்து தண்ணி குடிச்சுட்டுப் போகச் சொல்லு. நீ வராத" என்றாள்.

போய்ச் சொன்னேன். அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தலை குனிந்து உள்ளே போனார். அவர்கள் பேசுகிற சத்தம் கேட்டது, என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அவர் வெளியே வர அரை மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் ரோட்டில் அவர் நின்ற இடத்தில் நான் நின்றேன்.