எல்லாரும் 'மிக நன்று' போட்ட படிவங்கள்

எண்பதுகளின் நடுவில், சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்தேன். அஞ்சல் வழியில் முதுகலையும் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் நூலகத்தைப் பற்றி வெளிநாட்டு மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. கென்யா, மலேசியாவிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து படித்தார்கள். நேரில் பேசிப் பாருங்களேன் என்றார் ஆய்வு வழிகாட்டி. பேச்செல்லாம் ஆய்வாகுமா, கேள்வித்தாள்தான் கச்சிதம் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். என் நூலகத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை!

கவுண்டரில் உட்கார்ந்து நானே படிவம் கொடுத்து நானே வாங்கினேன். எல்லாவற்றிலும் 'மிக நன்று'. பூரித்துப்போய் ஆய்வேட்டை எழுதி முடித்துத் தட்டச்சுக்குக் கொடுத்தேன். அடித்துக்கொண்டிருந்த பெண், எங்கள் கல்லூரியிலேயே படித்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

"ஏனுங்க மேடம், பரீட்சைக்கு முன்னால புத்தகப் பாக்கி இல்லேன்னு உங்க கையெழுத்து இல்லாம ஹால் டிக்கெட் கெடைக்காதுங்களே. உங்க மூஞ்சிக்கு நேரா யாருங்க குறை எழுதுவாங்க?"

சுருக்கென்றது. ஒப்படைக்க மூன்று வாரம்தான் இருந்தது. தவறினால் ஒரு வருடம் போச்சு. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. முன்பு அடிக்கடி வந்து, பிறகு வருவதையே நிறுத்திவிட்ட கென்ய மாணவன் ஒருவனை மறுநாள் கேண்டீனில் பிடித்தேன். பெயரை எங்கும் எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

டீயைக் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தான். நூலகத்தில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு: எவ்வளவு பெரிய வரிசை நின்றாலும், வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கண்டால் முன்னால் கூப்பிட்டு முதலில் புத்தகம் கொடுப்பேன். வீடு தேடி வந்தவர்களைக் காக்க வைப்பது எங்கள் பக்கம் பெரிய மரியாதைக் குறைவு. அதில் எனக்குப் பெருமை வேறு. ஆனால் வரிசையில் நின்ற வகுப்புத் தோழர்கள் கடுப்பாகி அவனோடு பேசுவதையே விட்டுவிட்டார்களாம். "என்னையும் வரிசையில் நிற்க விடுங்கள், மேடம்" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

படிவங்களை மூட்டை கட்டிப் போட்டுவிட்டு, ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து பேசினேன். பலரும் அதையேதான் சொன்னார்கள். கண்டறிந்த குறைகளில் முதலாவதாக என் உபசாரத்தை எழுதி, கடைசி நாளில் ஒப்படைத்தேன். தேறியும்விட்டேன்.

இன்றைக்கும் யாராவது என்னிடம் "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றால் அதை மரியாதையாக ஏற்றுக்கொள்கிறேன், பதிலாக எடுத்துக்கொள்வதில்லை.